மலைக்கு வந்தால் வேலியையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் வண்டிகள் வரிசையாக மலையேறிக்கொண்டிருக்கின்றன. இ-பாஸ் எடுத்து, ஸ்வெட்டர் வாங்கி, கொண்டை ஊசி வளைவில் குழந்தைக்குக் குமட்டாமல் இருக்க எலுமிச்சம்பழத்தையும் கையில் வைத்துக்கொண்டு வருகிற குடும்பங்களோடு பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். மலர்க் கண்காட்சி, படகு, தொட்டபெட்டா என்று போடும் பட்டியலில் ஓணானும் அரணையும் பல்லியும் இருக்காது. நீங்கள் தேடிப் போகாவிட்டாலும் அவை எதிர்ப்படும். விடுதி வேலியில் இருக்கும், படிக்கட்டுக் கல்லிடுக்கில் இருக்கும், சில சமயம் அறைச் சுவரிலேயே இருக்கும். அப்படி எதிர்ப்படுகிற முதல் நிமிடத்தைப் பற்றித்தான் என் கவலை எல்லாம். பல குடும்பங்களில் அந்த நிமிடத்தில் நடப்பது ஒரு அலறல். அடுத்தது, கையில் ஒரு கல்லோ செருப்போ.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படியும் ஊர். தன் உடம்புச் சூட்டை வெயிலிடம் வாங்கித்தான் வாழவேண்டும் என்ற நிலையில் இருக்கும் ஓர் உயிர், இந்தக் குளிரில் குடும்பம் நடத்துவதே பெரிய காரியம். அதைச் செய்துகொண்டிருக்கிறது ஒரு பச்சை ஓணான். சாலியா ஹார்ஸ்ஃபீல்டி என்பது அதன் அறிவியல் பெயர். 1845-ல் ஜான் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் அதை முதலில் விவரித்து எழுதினார். வாலோடு சேர்த்து ஒரு அடி நீளம் வரும். அதில் பெரும்பகுதி வால்தான். வெளிர் பச்சை உடம்பில் பழுப்புப் பட்டைகள். கண்ணுக்குக் கீழிருந்து தோள்பக்கம் வரை ஒரு வெள்ளைக் கோடு. ஆணுக்குப் பிடரியிலும் முதுகிலும் முள் வரிசை எழும்பி நிற்கும். செதில்கள் பெரியவை, ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்.

ஊரில் நீங்கள் பார்க்கும் ஓணான் ஆளைக் கண்டதும் விருட்டென்று ஓடும். இது அப்படிப் பதறாது. உட்கார்ந்திருக்கும் குச்சியின் மறுபக்கத்துக்கு மெல்ல நகர்ந்து, ஒரு கண்ணை மட்டும் நம் பக்கம் வைத்துக்கொள்ளும். இந்த நிதானம்தான் எனக்கு அதனிடம் மிகவும் பிடித்தது. அதே நிதானத்தால்தான் கல் வீசுகிறவனிடம் அது எளிதாகச் சிக்கிவிடுகிறது.

கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கு இதன் பங்காளி ஒன்று இருக்கிறது. பழனி மலையிலும் ஆனைமலையிலும் சோலைக்காடுகளில் வாழ்வது. 1878-ல் பெட்டோம் என்பவர் அதற்கு ஆனைமலையின் பெயரையே வைத்தார். மதராஸ் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து, வனத்துறைக்கு வந்தவர் அவர். நீலகிரிக்கும் அந்த மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிருக்குப் பழகிய ஓணான் அந்தச் சூடான பள்ளத்தைக் கடந்து போவது நடக்காத காரியம். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிரிந்து, தலைமுறை தலைமுறையாகத் தனித்தே வாழ்ந்திருக்கின்றன. சாலியா என்ற இந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டத்தில், உலகம் முழுவதற்கும் இந்த இரண்டு இனங்கள்தான் இருக்கின்றன. இரண்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான். பூங்காவில் நாம் வியந்து பார்க்கும் டேலியாவும் பான்சியும் எத்தனையோ நாடுகளில் பூக்கும். வேலியில் இருக்கும் இந்த உயிரை வேறு எந்த நாட்டுக் காட்டில் தேடினாலும் பார்க்க முடியாது.

ஒரு மே மாதம், ஊட்டியில் ஒரு விடுதிக்கு வெளியே மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். வேலியில் இந்த ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பத்து வயதுப் பையன் கல்லை எடுத்துவிட்டான். “அடிடா, ராமருக்குத் தண்ணி கேட்டப்ப மூத்திரத்தைக் குடுத்த பய அது” என்று அப்பத்தா சொல்லிக்கொடுக்கிறார். அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் இப்படிச் செய்தது என்கிற அந்தக் கதையைக் கேட்காத கிராமம் தமிழ்நாட்டில் குறைவு. நான் அருகில் போய், “அம்மா, இந்த ஓணான் மலையை விட்டு இறங்கினதே இல்லை. ராமருக்குத் தண்ணி குடுத்த இடத்துல இது இருந்திருக்கவே முடியாது” என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பேரனிடம், “போடுறா கல்லை. இது வேற சாதியாம்” என்றார். பையன் கல்லைப் போட்டுவிட்டு வேலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். “அப்பத்தா, ஒரு கண்ணு என்னையப் பாக்குது, இன்னொரு கண்ணு வேற எங்கயோ பாக்குது” என்று அவன் சொன்னபோது, காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அவன் அம்மாவும் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தைக்குப் பயம் தானாக வருவதில்லை, நாம் கொடுப்பதுதான். “அரணை கடித்தால் மரணம்” என்கிறோம். மனிதனைக் கொல்லும் விஷமுள்ள அரணையோ ஓணானோ பல்லியோ இந்தியாவில் கிடையாது. இந்த மலைகளின் அரணைகளில் சில விரல் நீளம்கூட வராதவை. சோலையின் உதிர்ந்த இலைக்கு அடியில் வாழ்கின்றன. சிலவற்றின் வாலில் நீலம் மின்னும். காலடியில் சரசரவென்று ஓடினால் நின்று வழிவிடுங்கள், போதும். வாலைப் பிடித்து இழுக்கும் விளையாட்டைக் குழந்தைகளுக்குத் தயவுசெய்து பழக்காதீர்கள். அறுந்த வால் அரணைக்கும் பல்லிக்கும் மறுபடி முளைக்கும் என்பது உண்மை. ஆனால் அது சேர்த்துவைத்த கொழுப்பு அந்த வாலில் இருக்கிறது. குளிர்காலத்துக்கு முன் அதை இழப்பது சின்ன இழப்பு கிடையாது. ஓணான்களுக்கோ வால் மறுபடி எளிதில் வளர்வதில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? காலை ஒன்பது மணிக்கு மேல், பனி விலகி வெயில் விழத் தொடங்கியதும் கிழக்குப் பார்த்த வேலியாகத் தேர்ந்தெடுங்கள். தேயிலைத் தோட்டத்தின் ஓரச் செடிகளைப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து, ஊட்டியைச் சுற்றிப் பரவிவிட்ட மஞ்சள் பூ முட்புதரிலும் இந்த ஓணான் பதுங்கியிருக்கும். முள் அதற்குக் காவல். அந்தப் புதர் புல்வெளியைத் தின்றுவிட்டது என்பதும் உண்மை, ஓணான் அதற்குள் அடைக்கலம் தேடியிருக்கிறது என்பதும் உண்மை. சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் தேயிலையும் சோலையையும் புல்வெளியையும் விழுங்கிய பிறகு மிஞ்சிய இடத்தில் அது ஒண்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் விடுதி நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கம்பி வேலி போடுவதற்காக உயிர்வேலியை வேரோடு பிடுங்காதீர்கள். கத்தரிப்பதென்றால் ஒரேயடியாக மொட்டையடிக்காமல் ஒரு பக்கத்தை விட்டுவைத்துக் கத்தரியுங்கள்.

இரண்டு கை நீளத் தொலைவில் நில்லுங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. படம் எடுக்க ஆசை இருந்தால் எடுங்கள். நல்ல படத்துக்காகக் குச்சியை ஆட்டுவது வேண்டாம்.

மலையிறங்கும்போது வேறு ஆட்கள் வருவார்கள். வறண்ட சரிவுகளில், சாலையோரப் பாறையின் உச்சியில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பது பாறை ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு செக்கச்சிவந்து, பக்கவாட்டு உடம்பு கறுத்திருக்கும். ஓடும் வண்டியிலிருந்துகூடத் தெரியும். இன்னும் கீழே உடும்பு சாலையைக் கடக்கலாம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது. உடும்புத் தைலம் என்று யாராவது வழியில் நீட்டினால் வாங்காதீர்கள், வாங்குவதும் குற்றம். சூடேறிய தார்ச்சாலையில் வெயில் காய வந்து நசுங்கிக் கிடக்கும் ஓணான்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. வளைவில் வேகத்தைக் குறைத்தால் உங்கள் குடும்பத்துக்கும் நல்லது, அவற்றுக்கும் நல்லது.

பிள்ளை கேட்கிறதே என்று பச்சை ஓணானைப் பாட்டிலில் போட்டு ஊருக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். மே மாத மதுரை வெயிலும் கோயம்புத்தூர் வெயிலும் அதற்கு உலைக்களம். வேண்டாம், செய்யாதீர்கள்.

நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டது, வேலிப்பக்கம் போகமுடியவில்லை என்றால் இரவு வரட்டும். மழை விட்டதும் டார்ச் எடுத்துக்கொண்டு விடுதியின் வெளிச்சுவரையும் பக்கத்து மரத்தண்டையும் பாருங்கள். கொடைக்கானலில் தங்கியிருந்தால் நீங்கள் பார்க்கும் பல்லி, 2019-ல்தான் தனி இனமாக அறிவிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் தொல்பல்லி. அதுவரை ஒரே இனம்தான் என்று எண்ணியிருந்த இந்த மலைப்பல்லிக் கூட்டத்தில் அந்த ஒரே ஆண்டில் ஆறு புது இனங்கள் சேர்ந்தன. டார்ச் வெளிச்சத்தை நேராகக் கண்ணில் அடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். பூச்சி பிடிப்பதையும் பார்க்கலாம்.

நன்றி, வணக்கம்.