நீலப் பட்டு உடுத்திய இளவரசி

நேயர்களுக்கு வணக்கம். இன்று பேசப்போகும் ஓவியத்தைக் காட்ட வழியில்லை; காதால்தான் பார்க்க வேண்டும். மழை விட்ட காலை வானத்தின் வெளிர்நீலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நீலத்தில் சாட்டின் கவுன் உடுத்தி ஒரு பெண் நிற்கிறார். பெயர் போலின். பிரான்சின் ப்ரோய் பிரபுக் குடும்பத்து மருமகள், இளவரசி. வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஆங்ர், டேவிட் என்ற ஓவியரின் மாணவர். எழுபது வயதைத் தாண்டியவர் 1851 முதல் 1853 வரை இதற்காக உழைத்தார்.

எனக்கு அந்தத் துணியைப் பற்றித்தான் பேச வேண்டும். கல்யாண வீட்டில் விளக்கடியில் பட்டுச்சேலையைப் பார்த்திருப்பீர்கள். மடிப்பின் மேட்டில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். பள்ளத்தில் அதே நிறம் கறுத்துப்போகும். அதைத்தான் ஆங்ர் பிடித்திருக்கிறார். மேட்டில் கிட்டத்தட்ட வெள்ளை, பள்ளத்தில் சாம்பல் கலந்த நீலம். தூரிகை போன தடமே தெரியாது. பக்கத்தில் மஞ்சள் நாற்காலி. அதன்மேல் கழற்றிப் போட்ட கையுறை, விசிறி, சால்வை. மஞ்சள் பக்கத்தில் இருப்பதால்தான் நீலம் இவ்வளவு குளிர்கிறது. நம் வீடுகளில் சேலைக்குக் கரை தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

கையைப் பாருங்கள் என்பேன், நீங்கள் நேரில் காணும் நாளில். எலும்பே இல்லாததுபோல் நெகிழ்ந்து கிடக்கும். உடற்கூறு கெட்டாலும் கோடு கெடக்கூடாது என்பது அவர் கொள்கை. எனக்கு அதில் பிழை தெரியவில்லை.

போலின் மிகுந்த கூச்ச சுபாவக்காரர். மற்றவர்கள் அவர் கண்ணை நேராகப் பார்க்கத் தயங்குவார்களாம், அவர் சங்கடப்படுவாரே என்று. படத்திலும் அந்தக் கண்கள் நம்மைத் தாண்டி எங்கோ பார்க்கின்றன. அந்தக் கூச்சம்தான் படத்தின் உயிர். துணி அத்தனை மினுங்குகிறது, அவரோ உள்ளுக்குள் ஒதுங்கி நிற்கிறார். நிறையப் படித்தவர், எழுதியவர். காசநோய் வந்து 1860-இல் 35 வயதில் இறந்தார். கணவர் ஆல்பர்ட் பின்னாளில் பிரான்சின் பிரதமரானவர். மனைவி போன பிறகு படத்தின்மேல் திரை போட்டு வைத்திருந்தார். திரை போட்டு, திறக்காமல். அந்த வீட்டை நினைத்தாலே எனக்கு மனம் கனத்துவிடும்.

நேரம் முடிகிறது என்று கையசைக்கிறார்கள். நாத்தனாரைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வந்தேன். ஆல்பர்ட்டின் அக்கா லூயிஸையும் ஆங்ர் 1845-இல் வரைந்து முடித்தார். அவரும் நீல உடைதான், முன்பே வரைந்தது. இன்று இரண்டும் நியூயார்க்கில், ஐந்தாவது அவென்யூவிலேயே: போலின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், நாத்தனார் ஃப்ரிக் கலைக்கூடத்தில், நடந்தே போகும் தூரத்தில். வணக்கம்.