கப்பலை விடுங்கள், தாத்தாவைப் பிடியுங்கள்

அமெரிக்க முன்னோரைத் தேடும் நண்பர்களே,

1620-இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவின் பிளிமத்துக்குக் குடியேறப் போனவர்கள் 102 பேர். முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களில் ஜான் ஹவுலண்டுக்கும் எலிசபெத் டில்லிக்கும் கல்யாணம் நடந்து பத்துப் பிள்ளைகள். இன்று ஹவுலண்ட் என்ற குடும்பப் பெயர் இருந்தாலே 'நாங்கள் மேஃப்ளவர் வம்சம்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஜானின் சகோதரர்கள் ஆர்தரும் ஹென்றியும் வேறு கப்பலில் வந்து அங்கேயே குடியேறினார்கள். அவர்களுக்கும் பேரன் பேத்திகள் உண்டே!

ஆகவே மேலே கப்பலில் வந்தவரிடமிருந்து இறங்காதீர்கள். உங்கள் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுங்கள். 'இவர் இவருடைய பிள்ளை' என்பதற்கு ஒவ்வொரு படியிலும் ஒரு தாள் வேண்டும். அமெரிக்காவின் 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை ஏறுவது எளிது. அடிமைகளைத் தவிர, வீட்டில் இருந்த எல்லாருடைய பெயரும் அதில் உண்டு. 1790 முதல் 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. முக்கால்வாசித் தேடல்கள் இந்த அறுபது ஆண்டில்தான் மாட்டிக்கொள்கின்றன.

இங்கே கைகொடுப்பவை உயில்கள், கிரயப் பத்திரங்கள், அமெரிக்க சுதந்திரப் போர் வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகள். கணவன் போரில் இருந்ததையும் கல்யாணம் நடந்ததையும் நிரூபிக்க, விதவைகள் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து இணைத்திருக்கிறார்கள். உயிலின் அருமைக்கு ஜான் ஹவுலண்டின் உயிலே போதும்: 'என் மகள் டிசயர் கோர்ஹம்', 'என் மகள் ஹோப் சிப்மன்' என்று புகுந்த வீட்டுப் பெயரோடு மகள்களைக் குறிப்பிடுகிறது. பெண் வழியில் ஏறுகிறவர்களுக்கு இது புதையல்.

அதே உயிலில் ஒரு பொறியும் இருக்கிறது. உயில் எழுதிய நாள் 1672 மே 29. அவர் இறந்ததாகப் பதிவேடு சொல்வது 1672 பிப்ரவரி 23. செத்தபின் உயில் எழுதினாரா? இல்லை. 1752 வரை ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1673. இத்தகைய தேதியை 1672/3 என்றே எழுதிவையுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள். திருத்தினால், அடுத்து வருகிறவர் மறுபடியும் ஓர் ஆண்டைக் கூட்டிவிடுவார்.

அச்சுப் புத்தகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஜானின் மனைவி எலிசபெத், பிளிமத்தின் முதல் ஆளுநர் கார்வரின் மகள் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அவருக்குப் பின் ஆளுநரான பிராட்ஃபோர்ட் எழுதிய பிளிமத் வரலாற்றின் கையெழுத்துப் பிரதி 1855-இல் லண்டனில் அகப்பட்டது. அதிலிருந்த பயணிகள் பட்டியலின்படி எலிசபெத் ஜான் டில்லியின் மகள். அதற்கு முன்பு அச்சான வம்சாவளி உங்கள் கைக்கு வந்தால், முதலில் அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிடுங்கள்.