வரவு வாஷிங்டனுக்கு, செலவு பள்ளிக்கூடத்துக்கு

(கலிபோர்னியாவில் தமிழ் வாசகர்களின் நூலகக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது ஒரு நண்பர் என்னிடம் கேட்டார்: "நாம வருஷக்கணக்கா வரிசையில நின்னு வந்தவங்க. அவங்க பேப்பர் இல்லாம எல்லை வேலி தாண்டி வந்தவங்க. நம்ம வரிப்பணத்துல அவங்க பிள்ளைங்க ஏன் படிக்கணும்?" அவர் நல்ல மனிதர். ஊரில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் முதலில் பணம் அனுப்புகிறவர். அதனால்தான் அந்தக் கேள்வியை என்னால் உதறிவிட முடியவில்லை. அவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

அவர் கேட்டது பழைய கேள்வி. நாம் இருக்கும் இதே மாநிலத்தில் 1994இல் ஊர் முழுக்க ஒலித்த கேள்வி. அந்த வருடத் தேர்தலில் ஆளுநர் பீட் வில்சனின் விளம்பரம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. மெக்சிகோ எல்லையில் சான் இசிட்ரோ சாவடி, கறுப்பு வெள்ளைப் படம். நெடுஞ்சாலையில் கார்களுக்கு இடையே ஆட்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள். பின்னணியில் ஒரு குரல், இவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்கிறது. மத்திய அரசு எல்லையில் இவர்களைத் தடுக்காது, ஆனால் இவர்களுக்கான செலவை நம் தலையில் கட்டும் என்கிறது. அந்தக் கடைசிப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருவேன்.

அந்தத் தேர்தலோடு சேர்த்துத்தான், மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட முன்மொழிவாக, புரோபொசிஷன் 187 வாக்கெடுப்புக்கு வந்தது. நாட்டில் தங்குவதற்கான ஆவணம் இல்லாதவர்களுக்கு அரசுப் பள்ளி கிடையாது, அவசர சிகிச்சை தவிர மருத்துவம் கிடையாது, நலத்திட்ட உதவி கிடையாது. அதோடு நிற்கவில்லை. ஒரு பிள்ளைக்கோ அதன் பெற்றோருக்கோ ஆவணம் இல்லை என்று சந்தேகம் வந்தால் பள்ளியே குடியேற்றத் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மருத்துவமனையும் அப்படியே. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் ஆசிரியை, ஒரு பெயரைப் படித்துவிட்டு இந்தப் பிள்ளை மேல் சந்தேகப்படலாமா என்று யோசிக்க வேண்டும். சந்தேகத்துக்கு அவரிடம் என்ன அளவுகோல் இருக்கும்? பெயரும் தோல் நிறமும் பேச்சும்தானே?

அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் பல்லாயிரம் பேர் எதிர்த்து ஊர்வலம் போனார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். இருந்தும் நவம்பர் 8 அன்று ஏறத்தாழ 59 சதவீத ஆதரவோடு அது நிறைவேறியது. வில்சனும் ஜெயித்தார். ஆசிய வாக்காளர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஆதரித்ததாக அன்றைய வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. நம் நண்பரின் கேள்வியை நம்மைப் போன்றவர்கள் அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள்.

ஆதரித்த அத்தனை பேரையும் இனவெறியர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு இந்த மாநிலம் இருந்த நிலை அப்படி. பனிப்போர் முடிந்ததும் தென் கலிபோர்னியாவின் விமானத் தொழிற்சாலைகளிலும் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளிலும் வேலைகள் கொத்துக்கொத்தாகப் போயின. 1992இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரம். 1994 ஜனவரியில் நார்த்ரிட்ஜ் பூகம்பம். பள்ளியில் இடநெருக்கடி, மாநில பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. வேலை போன மனிதர் மகளைப் பள்ளியில் விடப் போகிறார். ஒரே வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள். பணம் எங்கே போனது என்று அவர் கேட்கிறார். கேட்கத்தான் செய்வார். யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லாத இடத்தில் அந்த விளம்பரம் வந்து பதில் சொன்னது.

பணம் எங்கே போனது என்பதற்கு வேறொரு பதிலும் இருந்தது. அது இங்கே வீடு வாங்கிய எல்லோருக்கும் தெரியும். 1978இல் வந்த புரோபொசிஷன் 13. சொத்து வரி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, வீடு கை மாறும்வரை அந்த மதிப்பும் வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. நீங்கள் போன வருடம் வாங்கிய வீட்டுக்கு ஒரு வரி. பக்கத்தில் அதே அளவு வீட்டில் நாற்பது வருடமாக இருப்பவருக்கு அதில் ஒரு துண்டு. பெரிய நிறுவனங்களின் கட்டடங்களுக்கும் இதே சலுகை. பள்ளிகளை ஊட்டிக்கொண்டிருந்த வாய்க்காலை வாக்காளர்களே அடைத்து அப்போது பதினாறு வருடம் ஆகியிருந்தது. அதை ஒருவரும் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துக் காட்டவில்லை.

சரி, அந்த விளம்பரத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். அதில் ஓர் உண்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளாமல் நாம் பேச முடியாது.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதிய நிதிக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம், அப்புறம் மத்திய வருமான வரி. பெரும் தொகை வாஷிங்டனுக்குப் போகிறது. ஆவணம் இல்லாமல் கோழிப் பண்ணையிலும் ஓட்டல் சமையலறையிலும் வேலை செய்கிறவர்களில் பெரும் பகுதியினருக்கும் இதே பிடித்தம் உண்டு. பொய்யான எண்ணைக் கொடுத்து வேலையில் சேர்ந்திருந்தாலும் பிடித்தம் பிடித்தம்தான். பெயரும் எண்ணும் பொருந்தாத சம்பளக் கணக்குகளைப் போட்டுவைக்க சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் தனிப் பேரேடே வைத்திருக்கிறது. பணம் நிதிக்குள் போய்விடும். ஓய்வூதியம் கேட்டு அந்த ஆள் வர முடியாது. ஐடெப் என்ற வரிக்கொள்கை ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் ஆவணம் இல்லாதவர்கள் கட்டிய எல்லா வரியும் சேர்த்து 9,670 கோடி டாலர். அதில் 5,940 கோடி மத்திய அரசுக்குப் போனது. மிச்சம்தான் மாநிலங்களுக்கும் ஊராட்சிகளுக்கும்.

செலவு எங்கே விழுகிறது? பிள்ளையின் பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. மற்றதெல்லாம் மாநிலமும் உள்ளூரும் சுமப்பது. வரவு ஒரு வீட்டுக்கு, செலவு இன்னொரு வீட்டுக்கு. இதை 2016இல் தேசிய அறிவியல் அகாடமிகளின் பெரிய அறிக்கையும் சொன்னது. முதல் தலைமுறைக் குடியேறிகளால் மாநிலங்களுக்குச் சுமை உண்டு, முக்கியமாகப் பிள்ளைகளின் படிப்புச் செலவு. அதே பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனதும் நாட்டிலேயே அதிகமாக வரி கட்டுகிற கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆக, ஊர்க்காரரின் குறை பொய் இல்லை. அவர் புகார் மனு போட வேண்டிய வாசல்தான் வேறு.

வில்சன் முதலில் அந்த வாசலைத்தான் தட்டினார். 1994இல் கலிபோர்னியா அரசு மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டது, எங்கள் செலவைக் கொடு என்று. வழக்கு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. அதற்கு முன் 1986இல் சுமார் 27 லட்சம் பேருக்கு நாடு சட்டபூர்வ நிலை கொடுத்தபோது, மாநிலங்களின் செலவுக்காக 400 கோடி டாலர் தருவதாக நாடாளுமன்றம் சொல்லியிருந்தது. பிறகு அதிலும் கை வைத்துத் தள்ளிப்போட்டது. வாஷிங்டனிடம் வசூலிக்க முடியாததை ஆறு வயதுப் பிள்ளையிடம் வசூலிக்கலாம் என்று முடிவு செய்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

187இன் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கே வரவில்லை. மரியானா ஃபெல்சர் என்ற மத்திய நீதிபதி தடை விதித்தார். பின்னர் அதன் பெரும் பகுதி செல்லாது என்று தீர்ப்பளித்தார். அவர் கையில் 1982ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு இருந்தது. அந்தக் கதையை நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டெக்ஸாஸில் டைலர் என்று ஓர் ஊர். ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர் போனது. 1977இல் அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம், ஆவணம் இல்லாத ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடம் 1,000 டாலர் கட்டணம் என்றது. கூலி வேலை செய்கிறவர்களால் கட்ட முடியுமா? நான்கு குடும்பங்கள் வழக்குப் போட்டன. வெளியே தெரிந்தால் நாடு கடத்திவிடுவார்களே என்ற பயம் இருந்ததால் நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸ் காலை ஆறு மணிக்கே விசாரணை வைத்தார். இருட்டு பிரியாத நேரத்தில் வந்தார்கள். ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டே நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கிருந்தே பிடித்து அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள் என்ற எண்ணம். அதற்குத் தயாராகி, பிள்ளை படிக்க வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார்கள். நம் ஊரில் தாலியை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய அம்மாக்களின் பிள்ளைகள் இந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறோம்! அந்தக் காரில் இருந்தவர்களை நமக்கு அடையாளம் தெரியாமலா போகும்?

உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு வந்தது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்றார் நீதிபதி பிரென்னன். எதிர்த்து எழுதிய தலைமை நீதிபதி பர்கர்கூட, பிள்ளைகளுக்குப் படிப்பை மறுப்பது அறிவுள்ள செயல் இல்லை என்றே சொன்னார். அதைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம், நீதிமன்றம் அல்ல என்பது அவர் வாதம்.

இப்போது நண்பரின் "வரிசை"க்கு வருகிறேன். 187 தோற்ற பிறகு அந்தக் கோபம் வாஷிங்டனுக்கு நகர்ந்தது. 1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் கிளிண்டன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆவணம் இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் உதவிகள் பெரும்பாலும் ஏற்கெனவே இல்லை. அப்படியென்றால் யாரிடம் மிச்சம் பிடித்தார்கள்? கிரீன் கார்டு உள்ளவர்களிடம். எதிர்பார்த்த சேமிப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சட்டப்படி வந்தவர்களிடமிருந்து வந்தது. உணவு உதவி நின்றது. புதிதாக வருகிறவர்களுக்குப் பல உதவிகள் முதல் ஐந்து வருடம் கிடையாது. வயதானவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை நின்றுபோகலாம் என்று லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கடிதம் வந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத எத்தனையோ முதியவர்கள் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளை பள்ளி விட்டு வரக் காத்திருந்திருப்பார்கள். கூக்குரல் எழுந்த பிறகு, ஏற்கெனவே இங்கே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு 1997இல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வரிசையில் நின்று வந்தவர்கள், ஐயா.

நம் கதையும் தூரத்தில் இல்லை. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவரும் அதே 6.2 சதவீதம் கட்டுகிறார். பத்து வருடம், அதாவது நாற்பது காலாண்டு, முடிவதற்குள் ஊருக்குத் திரும்பினால் அந்த ஓய்வூதியம் கிடையாது. இரு நாட்டுச் சேவைக் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தம் பல நாடுகளோடு அமெரிக்காவுக்கு உண்டு. இந்தியாவோடு இல்லை. கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவரும் நாமும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே பேரேட்டில்தான் இருக்கிறோம்.

2022க்குப் பிறகு நியூயார்க்கில் நடந்தது பற்றிக் கேட்டிருப்பீர்கள். டெக்ஸாஸ் ஆளுநர் பேருந்தில் ஏற்றி அனுப்பியவர்களும் தாமாக வந்தவர்களுமாக ரூஸ்வெல்ட் ஓட்டல் வாசலில் நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். நகரத்துக்குப் பெரும் செலவுதான். தஞ்சம் கேட்டு மனுப் போட்டவர் 150 நாள் கழித்துத்தான் வேலை அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும் என்ற மத்திய விதியை மட்டும் அதிகம் பேர் பேசவில்லை. உழைக்க வந்தவரை உட்காரவைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று பழி.

பிறகு 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம். அகதிகளுக்கும் தஞ்சம் பெற்றவர்களுக்கும் உணவு உதவியை அது நிறுத்தியது. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் அது செய்த வெட்டால் பாதிக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். தடுப்பு முகாம்களுக்கு 4,500 கோடி டாலர் ஒதுக்கியதும் அதே சட்டம். சொந்த மக்களுக்கு முதலிடம் என்று சொல்லி வாக்குக் கேட்ட கட்சியின் சட்டம் இது. வெஸ்ட் வர்ஜீனியாவில் சுரங்க வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போன மனிதருக்கு இதில் என்ன கிடைத்தது?

ஒரு கட்சியை மட்டும் சொல்லி முடித்தால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். இந்த மாநிலம் 187ஐ விட்டு வெகுதூரம் வந்தது. செத்துக் கிடந்த அதன் பிரிவுகளை 2014இல் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கியது. 187ஐப் பார்த்துக் கொதித்து அரசியலுக்கு வந்த அலெக்ஸ் பாடியா என்ற இளம் பொறியாளர் இன்று நம் செனட்டர். 2024 ஜனவரி முதல் ஆவணம் பார்க்காமல் எல்லா வயது ஏழைகளுக்கும் மெடி-கேல் என்ற மாநில மருத்துவக் காப்பீடு என்றார்கள். அப்புறம் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. 2026 ஜனவரி முதல் ஆவணம் இல்லாத பெரியவர்கள் புதிதாகச் சேர முடியாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கையெழுத்திட்ட ஆளுநர் ஜனநாயகக் கட்சிக்காரர்.

அந்த வாரம் நம் ஊர் சட்டமன்ற உறுப்பினருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். புரோபொசிஷன் 13இல் பெரிய கட்டடங்களுக்கு இருக்கும் சலுகையைத் தொடாமல் இந்தக் கதவைச் சாத்தியது ஏன் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பிரதி கையில் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள். மூன்றாவது வரிசை நண்பர் முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்கிறார். அவருக்கு ஒரு பிரதி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

வணக்கம்.