த்ராட்டிலை முறுக்கினால் திக்கும் பழைய மோட்டார்

வணக்கம் மக்களே. உவரிக் கரையில் நிற்கிறேன், பின்னால் தெரிவது கப்பல் மாதா கோயில். கச்சான் காற்று மைக்கில் இரையும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது சித்தப்பா வள்ளத்து மோட்டார். 9.9 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர். வயதில் என் தம்பிக்கு மூத்தது. மெதுவாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. த்ராட்டிலை முழுசாக முறுக்கி ஒரு நிமிஷம் போனால் திக்கித் திணறி வேகம் இறங்கிவிடும்.

எங்கள் ஊரில் மோட்டார் இருமினாலே கார்புரேட்டர்மேல்தான் பழி. நானும் ரெண்டு தடவை கழற்றிக் கழுவி மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற சின்ன ஓட்டைகள்தான் ஜெட். மெதுவாக ஓடுவதற்கான ஸ்லோ ஜெட் அடைத்திருந்தால் ஐட்லிங்கிலேயே தகராறு செய்யும். வேகத்துக்கான மெயின் ஜெட் அடைத்திருந்தால் முறுக்கின உடனே திணறும், ஒரு நிமிஷம் காத்திருக்காது. அப்படியென்றால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோலைக் குடித்து முடிக்கிறவரை ஓடுகிறது, அதற்குப் பிறகு வரவேண்டியது வரவில்லை.

இருந்தாலும் பிளக்கைப் பார்க்காமல் விடக்கூடாது. ரெண்டையும் கழற்றினேன். ஒன்று காய்ந்தும் மற்றது கறுத்து ஈரமாகவும் இருந்தால் அந்த ஈரப் பிளக் சிலிண்டர் எரியவில்லை என்று சந்தேகப்படலாம். எனக்கு ரெண்டும் ஒரே பழுப்பு. சரி, கரண்ட் பக்கம் குற்றமில்லை.

டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் திருகைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. அது மூடியிருந்தால் டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் பல்பு, அதாவது டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகிற ஹோஸின் நடுவில் கையால் அமுக்குகிற ரப்பர் உருண்டை, சப்பிப் போகும். எனக்குச் சப்பவில்லை, தொளதொள என்று இருந்தது. கடலில் மோட்டார் திணற ஆரம்பித்ததும் சித்தப்பா, “ஏல, பல்பை அமுக்கிக்கிட்டே இருல” என்றார். அமுக்க அமுக்கப் பழையபடி ஓடியது. கையை எடுத்தேன், மறுபடி திக்கல்.

இப்போது கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். பல்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ளே போவது வெளியே தெரிகிற ட்யூப் ஒரு சாண் செருகி, மறுபடி கடலுக்குப் போய் எடுத்தது இது. முறுக்கினதும் பெட்ரோலோடு சோடா மாதிரி குமிழி போகிறது. பல்புக்கு முந்தி எங்கேயோ காற்று இழுக்கிறது. ஆனால் ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகவில்லையே என்று கேட்பீர்கள். ஓடும்போது அந்த ஹோஸில் உறிஞ்சல்தான் இருக்கும், ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகுமே தவிர பெட்ரோல் வெளியே வராது.

கரைக்கு வந்து டேங்க் பக்கத்து கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஓ-ரிங், காற்றுப் புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம், காய்ந்து, நகத்தால் தொட்டதும் ரெண்டாக உடைந்தது. திசையன்விளையில் ஒரு கடையில் புதுசு வாங்கினேன். கேட்டு வாங்கும்போது நைட்ரைல் ரப்பர் என்று சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ஏதோ ஒன்றைப் போட்டால் பெட்ரோலில் ஊறிப் பெருத்துவிடும். கையோடு ஹோஸையும் மாற்றினேன், வளைத்துப் பார்த்தபோது வெடிப்பு தெரிந்தது.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். திக்கினாலும் ஓடுகிறதே என்று அப்படியே வலை போடப் போகாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஓ-ரிங் காசில் முடியாது.

நேற்று முழு த்ராட்டிலில் கால் மணி நேரம் ஓட்டினோம், ஒரு திக்கல் இல்லை. ஆனால் மோட்டாரைக் குளிரவைத்துவிட்டுப் பின்னால் பீய்ச்சுகிற தண்ணீர் மெலிசாக வருகிறது, பார்த்தீர்களா? அந்தத் தண்ணீரை இறைக்கிற இம்பெல்லரைக் கழற்றவேண்டியதுதான். அது அடுத்த வீடியோ.