எக்ஸ்ரே தாளில் வெட்டிய பூ

நேயர்களுக்கு வணக்கம்.

ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேச அழைத்தபோது முதலில் சற்றுத் தயங்கினேன். காட்ட முடியாத பொருளைப் பற்றிப் பதினைந்து நிமிடம் எப்படிப் பேசுவது? பிறகு ஒரு வழி தோன்றியது. சில ஆண்டுகளுக்கு முன் பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவுகளின் தலைநகரான சுவாவில் வாங்கிய ஒரு துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது அதை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்துக் கசக்குகிறேன். கேட்கிறதா? துணியின் ஓசையும் இல்லை, காகிதத்தின் ஓசையும் இல்லை. காய்ந்த வாழைச் சருகு அசைவதுபோல் ஒரு சரசரப்பு. இதற்குப் பெயர் மாசி. நமக்கு மாதம் நினைவுக்கு வரும்; இலங்கை நேயர்களுக்குக் கருவாடு நினைவுக்கு வரும். பிஜிக்காரர்களுக்கு இது மரப்பட்டைத் துணி.

பட்டுப்புழுவுக்குத் தழை போடுகிறோமே, அந்த முசுக்கொட்டையின் உறவுக்காரச் செடி ஒன்று இருக்கிறது. அதன் இளந்தண்டிலிருந்து பட்டையை உரித்து, மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்பட்டையை ஊறவைத்து, மரக்கட்டையின் மேல் போட்டு அடிப்பார்கள். அடிக்கும் கருவியில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அடிக்க அடிக்க நாலு விரல் அகலப் பட்டை அகன்றுகொண்டே போகும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேலும் அடித்தும், மாவுப் பசை தடவியும் இணைப்பார்கள். வத்துலேலே என்ற தீவும் கிழக்கே லாவ் தீவுக் கூட்டத்தில் உள்ள மோதே என்ற தீவும் இதற்குப் பேர்போனவை. இது முழுக்க முழுக்கப் பெண்களின் வேலை. திருமணமோ மரணமோ, மாசி இல்லாமல் அங்கே ஒரு சடங்கு நடக்காது.

இதன்மேல் இருக்கும் வடிவங்களைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். கறுப்பும் செம்பழுப்பும்தான் நிறம். ஒன்று புகைக்கரி, மற்றது செம்மண். முக்கோணம், நட்சத்திரம், பூ என்று வரிசை பிறழாமல் ஓடும் வடிவங்கள். எல்லாம் அச்சுத் தகட்டை வைத்துப் பதிப்பவை. முன்பெல்லாம் தகடு என்றால் வாழையிலைதான். வெட்டிய இலை எத்தனை நேரம் தாங்கும்? பின்னாளில் பெண்கள் ஒரு நல்ல பொருளைக் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்துப் பயன் முடிந்த எக்ஸ்ரே தாள். வளையும், கிழியாது, ஈரத்துக்கு அஞ்சாது. யாரோ ஒருவருடைய விலா எலும்பின் நிழல்மேல் ஒரு பூவை வெட்டி, அதன் வழியே சாயம் ஒற்றி எடுக்கிறார்கள். மரபு அப்படியே உறைந்து கிடக்கிறது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த எக்ஸ்ரே தாளைத்தான் சொல்வேன்.

இந்த வடிவங்கள் யாருக்குச் சொந்தம்? கேட்பதற்கு எளிய கேள்வி. இன்றைய பிஜிக் கலையை ஆட்டிவைப்பது அதுதான் என்பது என் கருத்து. பல வடிவங்கள் குறிப்பிட்ட தீவுக்கும் குலத்துக்கும் உரியவை; கண்டவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. 2013-ல் அந்நாட்டு விமான நிறுவனம் ஃபிஜி ஏர்வேஸ் என்ற பெயரோடு புதுத் தோற்றம் எடுத்தது. மாசிக் கலைஞர் மகெரெதா மதெமோசி உருவாக்கிய வடிவங்கள் விமானத்தின் வாலில் ஏறின. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 15 வடிவங்களை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய அந்த நிறுவனம் விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. பாட்டி கற்றுக்கொடுத்த கோலத்துக்கு ஒரு கம்பெனி பட்டா கேட்டால் நம் வீட்டில் சும்மா இருப்பார்களா?

இதே கேள்விக்கு வேறொரு திசையிலிருந்து விடை தேடியவர் எபெலி ஹவ்ஓஃபா. தோங்கா நாட்டுப் பெற்றோருக்குப் பாப்புவா நியூகினியில் பிறந்து, பிஜியில் வாழ்ந்து, 2009-ல் மறைந்தவர். மானுடவியல் அறிஞர், நையாண்டி எழுத்தாளர். பசிபிக் தீவுகளைக் கடலுக்குள் சிதறிய சின்னஞ்சிறு புள்ளிகள் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, கடலையும் சேர்த்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய நாடு என்று தெரியும் என்று வாதாடியவர். 1997-ல் சுவாவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் ஓஷியானியா கலை மையத்தைத் தொடங்கினார். அன்று அங்கே பாடத்திட்டம் இல்லை, பட்டம் இல்லை, ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இல்லை. வாருங்கள், பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பாருங்கள், செய்யுங்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் 'ஆப்பிள் வரை, குடம் வரை' என்று மாணவர்களை வாட்டிய எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நியூயே தீவைச் சேர்ந்த ஓவியர் ஜான் புலே அந்த மையத்துக்கு வந்து பட்டறை நடத்தினார். அங்கே உருவான கூட்டத்துக்குச் சிவப்பு அலை என்ற பொருளில் ரெட் வேவ் என்று பெயர். ஜொசாயா மெக்நமாரா, லிங்கிகோனி வாக்கவுதா, இராமி புலி எனப் பலர். மரபு வடிவங்களை அப்படியே எடுத்துக் கையாள வேண்டாம், அவற்றுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். எல்லாத் தீவினருக்கும் பொதுவான புதிய வடிவங்களை நாமே உண்டாக்குவோம் என்பது அவர்களது போக்கு. அலைகளும் மீனும் பறவையும் மனித முகமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்ளும் ஓவியங்கள் பிறந்தன. எல்லாமே நன்றாக வந்தன என்று சொல்லமாட்டேன். சில, சுற்றுலா விடுதியின் சுவருக்கு அளவெடுத்தாற்போல் இருக்கும். ஆனால் வாக்கவுதாவின் நெருக்கமான கோடுகளுக்கு முன்னால் நின்றால், கண் வெளியே வர வெகுநேரம் ஆகும்.

அடுத்தது துணியை விட்டுத் தோலுக்குப் போன கதை. பழைய பிஜியில் பெண்ணுக்குத்தான் பச்சை குத்துவார்கள். பருவமடைந்த பெண்ணின் இடுப்பைச் சுற்றியும் வாயோரத்திலும், மூத்த பெண்கள் முள் பதித்த கருவியால் கரியைக் குத்தி ஏற்றுவார்கள். அதற்கு வெயிங்கியா என்று பெயர். அது முடிந்த பிறகுதான் லிகு என்ற நாரிழைப் பாவாடை கட்டும் தகுதி வரும். 1835-க்குப் பிறகு வந்த பாதிரிமார்கள் இதைப் பாவம் என்றார்கள். சில தலைமுறைகளில் வழக்கம் அற்றுப்போனது. கருவிகள் சுவாவிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் அருங்காட்சியகப் பெட்டிகளுக்குள் போய் உட்கார்ந்தன.

2015-ல் பிஜி வம்சாவளிப் பெண்கள் சிலர் இதைத் தேடிப் புறப்பட்டார்கள். ஜோவானா மோனோலகி, மார்கரெட் ஓல், லூயிசா தோரா, டல்சி ஸ்டூவர்ட், டொனிதா ஹியூம் ஆகிய கலைஞர்களும், எமா தவோலா, தாரிசி வுனிதிலோ ஆகிய கண்காட்சி அமைப்பாளர்களும் அவர்கள். அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போய்ப் பழைய கருவிகளையும் பாவாடைகளையும் ஏடுகளையும் பார்த்து, 2016-ல் ஆக்லாந்தில் கண்காட்சி வைத்தார்கள். கொள்ளுப்பாட்டியின் இடுப்பில் இருந்த குறி எதுவென்று வெள்ளைக்காரர் ஒருவரின் குறிப்பேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கசப்பை மறைக்காமல், அழவும் செய்யாமல் படைப்பாக்கினார்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் பெருமதிப்பு.

இனி நமக்கு நெருங்கிய இடத்துக்கு வருகிறேன். 1879-ல் லியோனிடாஸ் என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு பிஜியில் கரை தொட்டது. 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் புறப்பட்டது. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அதில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அனுமதிச் சீட்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம். கடைசியில் ஒரு வரி: உடல் அடையாளங்கள். வலது முழங்காலில் தழும்பு, நெற்றியில் வடு என்று குமாஸ்தா எழுதியிருப்பான். மாசி வடிவம் குலத்தைச் சொல்லும்; பச்சை பெண்ணின் நிலையைச் சொல்லும்; இந்தத் தழும்போ, ஆளை அடையாளம் காண்பதற்காக எழுதியது.

இவர்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று கலைஞர்கள். பிஜியில் வேரூன்றி ஆஸ்திரேலியாவில் வாழும் சிவாஞ்சனி லால் பிளாஸ்டரில் கரும்புகளை வார்த்து நிறுத்தினார். மொத்தம் 87 கரும்பு. கூலிகளை ஏற்றிய கப்பல்கள் இந்தியாவிலிருந்து பிஜிக்குப் போன பயணங்களும் 87. நியூசிலாந்தில் இருக்கும் குயிஷிலே சரண், மஞ்சள் போன்ற இயற்கைச் சாயங்களும் அச்சுக் கட்டையும் கொண்டு துணியில் அந்தத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் படைக்கிறார். பாரதியார் அந்தப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்டார். சரணின் துணிகளில் அவர்கள் அழுதுகொண்டு மட்டும் நிற்பதில்லை. எதிர்த்து நின்றதையும் அவர் சேர்த்தே சொல்கிறார்.

அப்படியானால் பிஜிக் கலை என்று எதைச் சொல்வது? 'பிஜியர்' என்ற சொல்லே நெடுங்காலம் பூர்வகுடிகளை மட்டும் குறித்தது. 2010-ல்தான் பூர்வகுடிகளுக்கு இதௌக்கெய் என்றும், குடிமக்கள் அனைவருக்கும் பிஜியர் என்றும் அரசு வகுத்தது. இடையில் 1987-லும் 2000-த்திலும் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகளால் ஆயிரமாயிரம் இந்திய வம்சாவளியினர் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். சட்டம் சொல்வதற்கு முன்பே 2009-ல் பிஜியின் பூர்வகுடிக் கலைஞர்களான லேபா தோக்கியும் பலே ஜியோனேவும் நியூசிலாந்து ஓவியர் ராபின் வைட்டும் சேர்ந்து ஒரு பெரிய மாசியும் பாய்களும் செய்தார்கள். 'புதிய தோட்டம்' என்று பொருள்படும் பெயர். பிரிஸ்பேனில் ஆசிய பசிபிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே செம்மண், அதே கரி. ஆனால் வடிவங்களுக்கு நடுவே சர்க்கரைத் தொழில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கூலிகளின் கரும்பு, பூர்வகுடிப் பெண்களின் பட்டைத் துணியில்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலிருந்து யாராவது பிஜிக்குப் போனால் மாசி வாங்கி வரச் சொல்லுங்கள். பருத்தித் துணியில் மாசி வடிவத்தை அச்சடித்தும் விற்பார்கள், அது வேண்டாம். பட்டையில் செய்ததா என்று பார்க்க வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும். நரம்பு நரம்பாக இழை தெரியும், ஒட்டுப் போட்ட இடங்கள் சற்றுக் கறுத்திருக்கும். எந்தத் தீவு, யார் செய்தது என்றும் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நான் அன்று கேட்காமல் வந்துவிட்டேன்.

வணக்கம்.