ஃபாரமிர் வழக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலைப் படித்த இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் படத்தில் டாம் பாம்படில் ஏன் இல்லை என்பதில் வந்து நிற்கும். மஞ்சள் பூட்ஸ், நீலக் கோட்டு, ஓயாத பாட்டு. அணிந்தவரை மறைத்து, ஆசைகாட்டி மயக்கும் அந்த மாய மோதிரத்தை விரலில் மாட்டியும் மறையாத ஆசாமி. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அவரை அடியோடு விட்டுவிட்டார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. கறுப்புக் குதிரைவீரர்கள் துரத்தும்போது நடுவே ஒருவர் வந்து பாடினால், திரையரங்கில் பாதிப் பேர் பாப்கார்ன் வாங்கக் கிளம்பியிருப்பார்கள்.

என் சண்டை ஃபாரமிர் என்ற படைத்தலைவன் விஷயத்தில். பாதையோரம் கிடந்தாலும் மோதிரத்தை எடுக்க மாட்டேன் என்று நாவலில் முதலிலேயே சொல்லிவிடுகிறான். பிறகு, அவனிடம் சிக்கிய ஃப்ரோடோவின் தோழன் சாம் வாய்தவறி உளறியதில், ஃப்ரோடோவிடம் இருப்பது அந்த மோதிரம்தான் என்று தெரிகிறது. கைக்கெட்டும் தூரம், சுற்றிலும் அவனுடைய வீரர்கள். அப்போதும் சொன்ன சொல் மாறவில்லை. 2002இல் வந்த இரண்டாம் படத்திலோ இருவரையும் ஆஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துச் சென்ற பிறகே மனம் மாறுகிறான். ஒருவனிடம் மட்டும் மோதிரத்தின் பாச்சா பலிக்காவிட்டால், அதன்மேல் பயமே போய்விடும் என்பது படக்குழுவின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் போரமிர் மோதிரத்துக்கு ஆசைப்பட்டுச் சறுக்கிய இடத்தில் தம்பி சறுக்கவில்லை என்பதற்காகத்தானே அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோம்?

இந்த வழக்கில் டோல்கீனையே சாட்சிக்கு அழைக்கலாம். 1958இல் இதே நாவலுக்கு வேறொருவர் எழுதிய திரைக்கதைச் சுருக்கத்தைப் படித்துக் கொதித்துப்போய், நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். மர உருவான என்ட்டுகளையும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரையும் சேர்த்துக் காட்ட நேரம் போதாதென்றால் அரைகுறையாகத் திணிக்க வேண்டாம், ஒன்றை எடுத்துவிடலாம் என்றார். எதை? போரைத்தான். மையக் கதைக்கு அது அவ்வளவு வேண்டியதில்லையாம்.

ஜாக்சன் அதே போரைத்தான் இரண்டாம் படத்தின் உச்சமாக்கினார். கொட்டும் மழை, இரவு, ஈட்டிக் காடு. போதாக்குறைக்கு, நாவலில் அங்கே வராத எல்ஃப் படை வேறு. மூச்சுவிட மறந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

“ஆசிரியர் வேண்டாமென்ற காட்சிக்குக் கைதட்டினீர்கள். ஃபாரமிருக்கு மட்டும் ஆசிரியரைத் துணைக்குக் கூப்பிடுகிறீர்களா?” என்று நண்பர் ஒருவர் மடக்கினார். தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.