தீர்ப்பு சொல்ல வேண்டியது வீட்டுக் கண்ணே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஒரு கார்ட்டூன் குழந்தைக்கு ஏற்றதா என்று தீர்மானிப்பது தணிக்கை வாரியத்தின் விதியா, வீட்டின் கண்ணா? வீட்டின் கண்தான் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளை எடுத்து வாசித்தார். குழந்தைகள் நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தை கூடாது, அப்பட்டமான வன்முறை கூடாது. நல்ல விதி. அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னோடு ஒரு சிலந்தியைப் பார்க்க வாருங்கள்.

பெப்பா பிக் என்று பிரிட்டனில் எடுத்த கார்ட்டூன். அஞ்சு நிமிஷக் கதை. வீட்டுக்குள் ஒரு சிலந்தி. பன்றிக்குட்டி பெப்பாவுக்குப் பயம். அப்பா வந்து, இத்தனூண்டு சிலந்தி, ஒண்ணும் பண்ணாது என்று தைரியம் சொல்கிறார். அப்புறம் என்ன? சிலந்தியைப் பொம்மை வீட்டுக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள், டீ கொடுத்து உபசரிக்கிறார்கள்! கெட்ட வார்த்தை உண்டா? இல்லை. அடிதடி உண்டா? இல்லை. பிரிட்டன் பிள்ளைக்கு அருமையான பாடம், ஏனென்றால் அங்கே வீட்டுச் சிலந்தி பெரும்பாலும் சாதுதான்.

அதே அஞ்சு நிமிஷம் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது. அங்கே ரெட்பேக் என்றொரு விஷச் சிலந்தி. கறுப்பு உடம்பு, முதுகில் சிவப்புக் கோடு. தபால் பெட்டிக்குள் இருக்கும், தோட்டத்து நாற்காலிக்கு அடியில் இருக்கும். சிட்னிப் பக்கம் ஃபனல்வெப் என்று இன்னொரு விஷச் சிலந்தி. கழற்றிப் போட்ட ஷூவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 1981இல் விஷமுறிவு மருந்து வரும்வரை உயிரைக் குடித்த சிலந்தி அது. அந்த ஊர்ப் பிள்ளை, "வா, வந்து படுத்துக்கோ, டீ குடி" என்று கையை நீட்டினால்?

2012இல் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி அந்தக் கதையை நிறுத்தியது. விவகாரம் அதோடு முடிந்ததா? 2017இல் வேறொரு குழந்தைகள் சேனலில் அதே சிலந்தி, அதே கட்டில், அதே டீ! கண்டுபிடித்துப் புகார் கொடுத்தது யார் தெரியுமா, நடுவர் அவர்களே? சிட்னியில் ஒரு அம்மா. அதற்குப் பிறகுதான் அங்கேயும் நிறுத்தினார்கள்.

இப்போது எதிரணி அண்ணன் கைதட்டு வாங்கிய அந்தக் கேள்விக்கு வருகிறேன். "குக்கர் விசில் எண்ணவே நேரமில்லாத அம்மா கார்ட்டூனை எங்கே எடை போடுவார்?" என்றார். அண்ணே, விசில் எண்ணத் தெரிந்தவருக்குத்தான் இந்த வேலையே வரும்!

புதுக் கார்ட்டூன் என்றால் அதன் முதல் கதையைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை இடம் மாறுகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். 2011இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நாலு வயதுப் பிள்ளைகள் 60 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு ஸ்பாஞ்ச்பாப் என்ற கார்ட்டூன், 11 விநாடிக்கு ஒருமுறை காட்சி மாறும். இன்னொரு குழுவுக்கு 34 விநாடிக்கு ஒருமுறை மாறும் நிதானமான கார்ட்டூன். மூன்றாவது குழுவுக்குப் படம் வரையக் காகிதம். ஒன்பதே நிமிஷம்தான். உடனே கவனமும் பொறுமையும் வேண்டிய வேலைகளைக் கொடுத்தார்கள். பின்தங்கியது ஸ்பாஞ்ச்பாப் பார்த்த பிள்ளைகள். அதில் என்ன கெட்ட வார்த்தை இருந்தது? வேகம் இருந்தது. அந்த வேகத்தை விதி அளக்காது. சேனல்காரர்கள், இது 6 முதல் 11 வயதுக்கானது என்றார்கள். சரி, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது நாலு வயதா, ஆறு வயதா என்று யாருக்குத் தெரியும்? குக்கர் பக்கத்தில் நிற்கிறாரே, அவருக்குத்தான்!

டிவியை அணைத்த பிறகு ஒரு பத்து நிமிஷம் பிள்ளையைப் பாருங்கள். ஒரு வேலையில் நிற்கிறதா, தம்பியை உதைக்கிறதா? செல்போனில் அடுத்த கதை தானாக ஓடுவதை முதலில் நிறுத்துங்கள். நீங்கள் பார்த்துச் சம்மதித்தது ஒன்று, பிள்ளை பார்ப்பது நாலாவது.

விதி வேண்டும் என்பதற்குப் போக்கிமான் கார்ட்டூனை எதிரணியில் சொன்னார்கள். 1997 டிசம்பர் 16, ஜப்பான். சிவப்பும் நீலமும் விநாடிக்கு 12 தடவை மாறி மின்னியதில் 685 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒளியை அளக்கக் கருவியும் விதியும் வேண்டும், மனதார ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறையில் விளக்கு எரிகிறதா, பிள்ளை திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று எந்த வாரியம் வந்து பார்க்கும்?

மணி அடித்துவிட்டார்கள், ஒரே நிமிஷம்.

பிள்ளை கார்ட்டூன் பார்க்கும்போது நீங்கள் அதன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? திரையில் பயமாக ஏதாவது வந்தால், பிள்ளை சட்டென்று திரையை விட்டுத் திரும்பும். அம்மா முகத்தைத் தேடும். பாட்டி முகத்தைத் தேடும். அம்மா சிரித்தால் அதுவும் சிரிக்கும், அம்மா முகம் சுருங்கினால் ஓடி வந்து மடியில் ஏறிக்கொள்ளும். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நம்ம வீட்டுச் சிலந்தி கடிக்குமா?" என்று கேட்கும்.

அது கேட்கிற அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.